இரண்டாம் தர ஐஸ்

வில்பிரட் அன்று கொண்டுவந்த மீனில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விளமீன், பாறை, நடுவளவில் சில சீலா. செவுள் சிவப்பு மாறாமல், கண் தெளிவாக, விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் இருந்தன. மீன் வாங்கும் ஏற்றுமதிக் கம்பெனியின் ஷெட்டில் தரம் பார்க்கிறவன் பெட்டி மூடியைத் திறந்தான். மீனைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒரு கை ஐஸை அள்ளினான்.

"இது எந்த ஐஸ்?"

"ஜக்கரிய்யா காக்கா ஐஸ். நாங்க எப்பவும் அங்கனதான் ஏத்துவோம்."

"அப்ப செகண்ட் கிரேடு."

"மீனைப் பாருலே!"

"மீனு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஐஸ் எங்க ஐஸ் இல்ல. இன்னையில இருந்து அப்படித்தான்."

இரண்டாம் தரம் என்றால் கிலோவுக்குக் கால்வாசி விலை போய்விடும். வில்பிரட் மீனைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போவதற்கு வேறு இடம் இல்லை. சொன்ன விலைக்கே போட்டுவிட்டு, மீன் கொண்டுவந்த லோடு ஆட்டோவில் நேராக ஜக்கரிய்யாவின் ஐஸ் பிளாண்ட்டுக்கு வந்தான்.

ஜக்கரிய்யா அப்போது ஐஸ் உடைக்கும் கிரஷர் அருகே நின்றுகொண்டிருந்தார். காயல்பட்டினத்துக்காரர்; அந்த ஊர் வழக்கில் அண்ணனைக் 'காக்கா' என்பார்கள். துபாயில் சரக்குக் கம்பெனியில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி, தூத்துக்குடியில் நாட்டுப்படகுகள் கரையேறும் இடத்துக்குப் பக்கத்தில் இந்தப் பிளாண்ட்டை வாங்கினார். லைசென்ஸ் வாங்க அலைந்த அலைச்சலில் அரசாங்கம் என்ற சொல்லே அவருக்குக் கசந்துபோயிருந்தது. "விக்கதுக்கு ஒருத்தன், வாங்குததுக்கு ஒருத்தன். நடுவுல மூணாவது ஆளு எதுக்கு?" என்று டீக்கடையில் எந்தப் பேச்சையும் அங்கேதான் கொண்டுவந்து முடிப்பார். தாராளமயம், தாராளமயம் என்று அவர் சொல்லிச் சொல்லி, கரையில் அவருக்குத் 'தாராளம் பாய்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

வெறும் பேச்சோடு நின்றவரும் இல்லை. வந்த புதிதில், ஐஸ் பிளாண்ட்காரர்கள் எல்லோரும் கூடிப் பேசி வைத்திருந்த விலைக்குக் கட்டுப்பட மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் குறைத்து விற்றார். படகுக்காரர்களுக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான். அதற்குப் பிறகு ஊர்க் கமிட்டியின் கட்டுப்பாடு ஒன்றும் அவர் கண்ணில் பட்டது. இந்தக் கரையில் இறங்கும் மீனை ஏலக்கூடத்தில்தான் விற்க வேண்டும். யாரும் வெளியே தனியாக விலை பேசக் கூடாது. கம்பெனி வந்து நேரடியாக மீன் எடுக்கிறோம், ஏலத்தைவிடக் கூடுதலாகத் தருகிறோம் என்று சொன்னபோது, கமிட்டிக் கூட்டத்தில் வில்பிரட்டுக்காக ஜக்கரிய்யாவே எழுந்து பேசினார்.

"அவன் படகு, அவன் வலை, அவன் மீன். யாருக்கு விக்கணும்னு சொல்ல கமிட்டி யாரு?"

கை தட்டினார்கள். கட்டுப்பாடு போனது; மீனெல்லாம் கம்பெனிக்குப் போக, ஏலக்கூடம் காலியானது. கூட்டம் நடந்த அன்றைக்கு ஏலக்காரர் தேவபிரசாதம் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

வில்பிரட் நடந்ததைச் சொல்லி முடித்ததும் ஜக்கரிய்யாவுக்கு முதலில் கோபம் வரவில்லை. ஏதோ தவறு நடந்திருக்கிறது, நேரில் போய்ச் சொன்னால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தார். தன் ஐஸையும் கம்பெனி ஐஸையும் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். தண்ணீரிலும் வித்தியாசம் இல்லை, சுத்தத்திலும் வித்தியாசம் இல்லை. அந்த முடிவை எடுத்துக்கொண்டு கம்பெனியின் கொள்முதல் மேனேஜர் சண்முகப்ரியாவைப் பார்க்கப் போனார்.

பாளையங்கோட்டைப் பெண். முப்பது வயது இருக்கும். மரியாதையாக எழுந்து நாற்காலி காட்டினாள். தாளை முழுவதும் படித்தாள்.

"நல்ல ரிசல்ட் சார். உங்க ஐஸ் மோசம்னு நாங்க எங்கேயும் சொல்லலையே."

"செகண்ட் கிரேடுன்னு போடுதியளேம்மா."

"அது குவாலிட்டி பாலிசி சார். எங்க ஐஸ், எங்க பெட்டி, எங்க வண்டி. அப்படி வந்தாத்தான் பர்ஸ்ட் கிரேடு. வெளிநாட்டு பையருக்கு நாங்க பதில் சொல்லணும்ல?"

"மீனை வச்சு மீனுக்குத் தரம் போடணும். ஐஸை வச்சா போடுவாங்க?"

"யாருகிட்ட என்ன வாங்கணும், எப்படி வாங்கணும்னு முடிவு பண்ற உரிமை வாங்குறவங்களுக்கு உண்டுதானே சார்? பிடிக்கலைன்னா படகுக்காரங்க வேற யாருக்கும் கொடுக்கலாம். நாங்க யாரையும் கட்டாயப்படுத்தலையே."

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள். ஆனால் டீக்கடையில் தான் எத்தனையோ முறை சொன்ன வார்த்தைகள் ஏசி அறையில் இன்னொருத்தி வாயிலிருந்து வந்தபோது ஜக்கரிய்யா தாளை மடித்துப் பையில் வைத்தார். தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்தார்.

படகுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கம்பெனி ஐஸுக்குப் போனார்கள். கம்பெனி ஐஸ் விலை கூடுதல். ஆனாலும் மீனுக்கு முதல் தரம் கிடைக்கும். கடைசியில் வில்பிரட்டும் போனான். போகும்முன் வந்து சொல்லிவிட்டுத்தான் போனான். "போலே, போ. நஷ்டத்துக்கா தொழில் பண்ணுவ?" என்று ஜக்கரிய்யாவே அனுப்பிவைத்தார். அவர் மனதாரத்தான் சொன்னார். வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் படுத்தார்.

கொஞ்ச நாள் கழித்து, அவர் வாழ்நாளில் செய்ய மாட்டேன் என்றிருந்த ஒன்றைச் செய்தார். அரசு அலுவலகத்துக்குப் புகார் சொல்லப் போனார். அந்தக் கரையைக் கவனிக்கும் மீன்வளத் துறை அதிகாரி கிருபாநிதிக்கு அவரை நன்றாகத் தெரியும்.

"வாங்க பாய். அதிகாரி கரையில காலே வைக்கக் கூடாதுன்னு சொன்னவரு நீங்கதானே? இன்னைக்கு நீங்களே ஆபீசுக்கு வந்திருக்கிய?"

"இப்பவும் அதேதான் சொல்லுவேன் சார். ஆனா இது வியாபாரமே இல்ல. ஐஸ் விக்கதுக்கு மீனைப் பிடிச்சு வச்சு மிரட்டுதான். சமமாப் போட்டி போட்டா நான் ஜெயிச்சிருவேன்."

கிருபாநிதி சிரித்தார். "சமமாவா?" என்றார்.

பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கம்பெனியின் ஷெட் நிற்பது அரசு நிலம். பெயருக்கு ஒரு குத்தகை. குளிர்பதன வசதி பெருக்கும் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஐஸ் இயந்திரத்தின் விலையில் பாதி அதில் மானியமாக வந்தது. மின்சாரத்துக்கும் சலுகை. ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது, எல்லாம் உத்தரவு போட்டு நடந்ததுதான்.

"நானும் ஐஸ்தானே சார் போடுதேன்? எனக்கு ஏன் இல்ல?"

"உங்க பிளாண்ட்டு சின்னது பாய். அந்தத் திட்டத்துக்கு உங்களை மாதிரி இருபது பிளாண்ட்டு சேர்ந்தாத்தான் வர முடியும்."

"அப்ப என் வரிப்பணத்துல மெஷின் வாங்கி என்னையே அடிக்கான். இது சந்தையே இல்லையே சார்!"

"நான் எப்ப சந்தைன்னு சொன்னேன்? நீங்கதானே சொல்லிக்கிட்டு இருந்திய?"

ஜக்கரிய்யா மேசையில் ஓங்கி அடித்தார். மேசைக் கண்ணாடியின் ஓரத்தில் விரிசல் விட்டது. கிருபாநிதி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மனு எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார். 'அரசு தலையிட்டு' என்று எழுதும் இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. எழுதிக் கொடுத்தார். அதற்கு இன்று வரை பதில் இல்லை.

அலுவலகத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போதுதான் அவருக்கு ஏலக்கூடத்தின் ஞாபகம் வந்தது. இத்தனை காலமும் அவர் பேசிக்கொண்டிருந்த சந்தை அந்தத் தகரக் கொட்டகைதான். தேவபிரசாதம் ஒரு குவியலைக் காட்டிக் கூவுவார். திருநெல்வேலி வியாபாரி ஒரு விலை சொல்வார், நாகர்கோவில்காரர் அதற்கு மேல் சொல்வார், கூடை வைத்திருக்கும் பெண்கள் நடுவில் புகுந்து கேட்பார்கள். எல்லோர் கண் முன்னாலும் விலை பிறக்கும். இரண்டாம் தரம் என்று எவனும் ஒருதலையாகச் சொல்ல முடியாது. ஒருவன் சொன்னால் இன்னொருவன் முதல் தர விலைக்குக் கேட்டுவிடுவான். அந்த இடத்தைக் காலி செய்யத்தான் தான் எழுந்து நின்று பேசியிருக்கிறோம் என்பது உறைத்தபோது, நடுரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போனார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், எல்லோரும் மீனை ஏலக்கூடத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்டார். படகுக்காரர்கள் கம்பெனி மேல் கடுப்பில்தான் இருந்தார்கள், சரி என்றார்கள். தேவபிரசாதத்திடம் போனபோது அவர் பழைய பேச்சை எடுக்கவில்லை. "வாரேன். கூவத்தானே எனக்குத் தெரியும்," என்றார். வெளியூர் வியாபாரிகளுக்கு ஜக்கரிய்யாவே போன் செய்தார். வந்தார்கள். விடிந்து கொஞ்ச நேரத்தில் கொட்டகைக்கு வெளியே வண்டிகள் வரிசையாக நின்றன. கூடைப் பெண்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஜக்கரிய்யா தன் ஐஸை ஒரு வண்டி நிறைய இலவசமாக இறக்கினார்.

படகுகள் கரைக்கு வந்தன. ஆனால் பெட்டிகள் கொட்டகைக்கு வரவில்லை.

கம்பெனி அன்று காலையில் வாட்ஸ்அப்பில் புது விலை போட்டிருந்தது. எந்த மீனுக்கும் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் கூடுதல், இன்று மட்டும். மூன்று பேர்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். அவர்கள் மீன் ஒரு வண்டிக்குக்கூடக் காணாது. தேவபிரசாதம் கூவி முடிப்பதற்குள் நாகர்கோவில்காரர் வண்டியை எடுத்துவிட்டார். "வந்து போற டீசல் காசு வீண் பாய். இனி கூப்பிடாதீங்க," என்று கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டுப் போனார்.

கம்பெனி ஷெட் வாசலில் ஜக்கரிய்யா வில்பிரட்டைப் பிடித்தார்.

"நீயுமாலே?"

வில்பிரட் தலை குனிந்துகொண்டே பேசினான். "ஐம்பது ரூவா கூட காக்கா. நான் ஏலத்துக்குப் போயி, மத்தவன் இங்கன போட்டுட்டான்னா?"

"எல்லாவனும் இதையே நெனச்சா?"

"எல்லாவனும் இதையேதான் நெனச்சான். நீங்க என் இடத்துல இருந்தா என்ன செய்வியன்னு நெஞ்சுல கைவச்சுச் சொல்லுங்க."

ஜக்கரிய்யா கையை எடுத்துவிட்டார். அவரும் இங்கேதான் வந்திருப்பார். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல், "ஒனக்கு மானமே இல்லலே," என்று கத்தினார். வில்பிரட்டும் பதிலுக்குக் கத்தினான். அதன் பிறகு பல வாரங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வந்தது. கடலில் நாட்டுப்படகுகள் மட்டும், மீனுக்குக் கிராக்கி; ஒரு நாள்கூட விடாமல் எல்லாப் படகும் போய் வந்தன. கம்பெனியின் ஐஸ் இயந்திரம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. ஒரு நாள் சண்முகப்ரியாவே பிளாண்ட்டுக்கு வந்தாள். கையில் ஒப்பந்தம் இருந்தது. இவருடைய ஐஸ் முழுவதையும் கம்பெனியே எடுத்துக்கொள்ளும். கம்பெனி பெயர் போட்ட சாக்கில் கட்டிக் கொடுக்க வேண்டும். வெளியில் வேறு யாருக்கும் விற்கக் கூடாது.

"அப்ப என் ஐஸ் இப்ப பர்ஸ்ட் கிரேடு ஆயிட்டுதா?"

சண்முகப்ரியா தரையைப் பார்த்தாள். "எங்க சாக்குல வந்தா ஆமா சார்."

ஒப்பந்தத்தை வீட்டில் மனைவி ருகையாவிடம் காட்டினார். பிளாண்ட்டின் வரவு செலவு முழுவதும் பார்ப்பவள் அவள்தான். ஒருமுறை படித்துவிட்டு, "போடுங்க," என்றாள்.

"யாருக்கு விக்கணும்ங்கது என் இஷ்டமா இருக்கணும்னுதானே துபாயை விட்டு வந்தேன்?"

"இப்பவும் ஒங்க இஷ்டந்தான். போட வேண்டாம்னா போடாதிய. மிசினை நிப்பாட்டிட்டு வீட்டுல இருங்க. அதுவும் சுதந்திரந்தான். வேலைக்காரங்க கேட்டா நீங்களே போயி சுதந்திரம்னு சொல்லுங்க."

போட்டார்.

மறுநாளிலிருந்து அதே தண்ணீர், அதே அச்சு, அதே கிரஷர். சாக்கு மட்டும் நீலம். கம்பெனி ஷெட்டில் வில்பிரட் அந்தச் சாக்கைப் பிரித்துப் பெட்டியில் கொட்டும்போது ஜக்கரிய்யாவின் டிரைவர் நிற்பதைப் பார்த்தான். ஐஸைக் கையில் அள்ளி, டிரைவர் முகத்தைப் பார்த்து, ஷெட்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தானாம். பிறகு எதற்கோ பெட்டியை எட்டி உதைத்தானாம். டிரைவர் வந்து சொன்னான். ஜக்கரிய்யா சிரிக்கவில்லை.

அந்த வாரமே விஜிலா வந்தாள். கூடையில் மீன் எடுத்து ஒட்டப்பிடாரம் பக்கம் பஸ்ஸில் போய் விற்பவள். காலையில் பாதிக் கட்டி ஐஸ் வாங்கி உடைத்து மேலே போட்டுக்கொண்டு போவது அவள் வழக்கம். சில்லறையை நீட்டினாள்.

"இல்லம்மா. வெளிய விக்கக் கூடாதுன்னு கம்பெனில எழுதிக் குடுத்திருக்கு."

"அங்கன அம்புட்டு ஐஸ் கெடக்கே பாய்?"

"கெடக்கு. விக்க முடியாது."

"காசுதானே தாரேன்? ஓசியாவா கேக்கேன்? வெயிலு ஏறிட்டா இந்த மீனை எந்த நாயி வாங்கும்?" அவள் சில்லறையை முந்தானையில் முடிந்தாள். "ஒம்ம ஐஸை ஒம்மால விக்க முடியலன்னா நீரு என்ன மொதலாளி?"

அவள் போய்விட்டாள். ஜக்கரிய்யா அந்த இடத்திலேயே நின்றார். விற்க அவருக்குச் சம்மதம். வாங்க அவளுக்குச் சம்மதம். மூன்றாவது ஆள், கம்பெனி முதலாளி, எங்கோ மும்பையில் உட்கார்ந்திருந்தான்; அவன் முகத்தைக்கூட இவர் பார்த்ததில்லை. இவ்வளவு நாளாய் அரசு அலுவலகங்களைத் திட்டித் தீர்த்தாரே, எந்த அலுவலகமும் ஒரு கூடைக்காரிக்கு ஐஸ் விற்காதே என்று அவரிடம் சொன்னதில்லை.

அடுத்த நாள் விஜிலாவைத் தேடிப் போய்க் கூப்பிட்டு வந்து விற்றார். கூட இருந்த பெண்களுக்கும் விற்றார். ஒளித்துச் செய்யவில்லை, வாசலில் வைத்து, காசை எண்ணி வாங்கிக்கொண்டு விற்றார். இரண்டு நாளில் சண்முகப்ரியாவிடமிருந்து போன் வந்தது.

"சார், நீங்களே படிச்சுப் பார்த்துக் கையெழுத்து போட்டது."

"ஆமாம்மா."

"யாரும் கட்டாயப்படுத்தலை."

"இல்ல."

"அப்புறம் ஏன் சார்?"

"அவ கேட்டா. எங்கிட்ட இருந்துது. வித்தேன். இதுக்கு மேல எனக்கு விளக்கம் தெரியல."

"மேல சொல்லாம இருக்க என்னால முடியாது சார். நானும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வேலையில இருக்கேன்," என்றாள்.

ஒப்பந்தம் ரத்தானது. தடைக்காலமும் முடிந்தது, கம்பெனி இன்னொரு இயந்திரம் வாங்கிவிட்டது. ருகையா திட்டுவாள் என்று நினைத்தார். அவள் கணக்கைப் பார்த்து, வேலையாட்களில் யார் யாரை நிறுத்தலாம் என்று பெயர்களை மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிளாண்ட்டில் பாதி அச்சுகள் காலியாகக் கிடந்தன. மீதி கூடைப் பெண்களுக்கும், ஜூஸ் கடைகளுக்கும், கல்யாண மண்டபங்களுக்கும் போனது.

விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியதும் கம்பெனி விலையை இறக்கியது. பிறகு மறுபடி இறக்கியது. முதல் தரமே பழைய இரண்டாம் தர விலைக்கு வந்தது. ஒரு காலை வில்பிரட் பிளாண்ட்டு வாசலில் லோடு ஆட்டோவை நிறுத்தினான். பின்னால் மீன் பெட்டிகள். கூட இன்னும் சில படகுக்காரர்கள்.

"காக்கா, இன்னைக்கு ஏலம் போடுவோம். எல்லாரும் சேர்ந்தாச்சு. ஒருத்தனும் மாற மாட்டான்."

ஜக்கரிய்யா பழைய சண்டையை எடுக்கவில்லை. அங்கேயே நின்று போன் போட்டார். நாகர்கோவில்காரர் எடுக்கவில்லை. இன்னொருவர் இப்போது குளச்சலில் மீன் எடுப்பதாகச் சொன்னார். வேறொருவர் வண்டியை விற்றுவிட்டு மருமகன் கடையில் உட்கார்ந்திருக்கிறாராம். திருநெல்வேலி வியாபாரி மட்டும் நிதானமாகப் பேசினார்.

"நான் இப்ப கம்பெனிகிட்டயே வாங்கிக்கிடுதேன் பாய். செகண்ட் கிரேடுன்னு தள்ளுதாங்கள்லா, அது. நல்ல மீனாத்தான் இருக்கு. உங்ககிட்ட எடுத்தா எனக்கு அங்க நிப்பாட்டிருவான்."

ஜக்கரிய்யா போனைச் சட்டைப்பையில் வைத்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"என்ன காக்கா?"

"கேக்கதுக்கு ஆளு இல்லலே."

"தேவபிரசாதம் அண்ணன் வாரேன்னு சொல்லிட்டாரே."

"கூவ ஆளு இருக்கு. கேக்கத்தான் ஆளு இல்ல."

யாரோ ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை. கமிட்டியைக் கூட்டலாம் என்றான் ஒருவன். கலெக்டரிடம் போகலாம் என்றான் இன்னொருவன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆட்டோவின் அடித்தட்டிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி மண்ணில் ஓடியது.

வில்பிரட் அதைப் பார்த்தான். "மீனு தாங்காது காக்கா," என்றான்.

ஜக்கரிய்யா உள்ளே போய் ஒரு சாக்கு ஐஸைத் தூக்கி வந்தார். இந்த ஐஸைப் போட்டால் தரம் இறங்கும் என்று வில்பிரட் தடுத்தான். அவர் சாக்கைக் கீழே வைத்தார். பெட்டி ஒன்று சரிந்திருந்தது. இருவருமாக அதை நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். ஆட்டோ கம்பெனி ஷெட் பக்கம் திரும்பியது.

"கிலோவுக்கு எவ்வளவு போட்டான்னு வந்து சொல்லு," என்று ஜக்கரிய்யா பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னார். வில்பிரட் கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டினான்.